ஒன்றாக ஓடத் தொடங்குவதற்கு முன்

ஒருகொடவத்தை என்றதும் கொழும்புக்காரருக்கு நினைவுக்கு வருபவை பேஸ்லைன் வீதியை அடைத்துக்கொண்டு நிற்கும் கொள்கலன் லொறிகளும் சுங்கத்தின் சோதனை முற்றங்களும்தான். அந்தப் பக்கமாகவே தெமட்டகொடையிலிருந்து களனி நோக்கி ரயில் பாதையும் போகிறது. பக்கத்துக் கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்திலிருந்து வெளிமாவட்டங்களுக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் எரிபொருள் கொண்டுபோகும் தாங்கி வாகன்கள் ஓடுவதும் தண்டவாளத்தில்தான். இப்படியொரு சரக்குத் தொடர் புறப்படும்போது காது கொடுத்துக் கேட்டால், இரும்பு மோதும் ஓசை எஞ்சின் பக்கமிருந்து கடைசி வாகன் வரை வரிசையாக ஓடுவது தெரியும். எஞ்சின் அசைந்த அதே கணத்தில் கடைசி வாகன் அசையவில்லை என்பதற்கு அந்த ஓசையே சாட்சி. ஆனால் உயர்தர இணைந்த கணிதத்தின் இரண்டாம் வினாத்தாளுக்குத் தயாராகும் மாணவர், விற்சுருளால் இணைந்த இரு திணிவுகளை ஒருவர் இழுக்கிறார் என்று கண்டவுடன் எழுதும் முதல் வரி, இரண்டுக்கும் ஒரே ஆர்முடுகல் என்பதுதான். தண்டவாளம் சொல்வதும் விடைத்தாள் சொல்வதும் முரண்படுவது போலத் தோன்றுகிறது. இரண்டும் சரியே. ஒரே ஆர்முடுகல் என்பது வினாவோடு இலவசமாகக் கிடைக்கும் தரவு அன்று. சிறிது நேரம் கடந்த பிறகே, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டே உண்மையாகும் ஒரு முடிவு. அந்த நேரம் எவ்வளவு, அந்த நிபந்தனைகள் எவை என்று தெரிந்தவருக்கே இந்தக் கணக்கு முழுதாகப் புரியும்.

முதலில் விடைத்தாளின் வழியிலேயே போவோம். உராய்வற்ற கிடைத் தளத்தில் 2 கிலோகிராம் கட்டை ஒன்று, அதன் பின்னே 3 கிலோகிராம் கட்டை ஒன்று, நடுவே திணிவற்ற விற்சுருள். முன்கட்டையை 10 நியூற்றன் விசையால் இழுக்கிறோம். இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன என்று எடுத்துக்கொண்டால், மொத்தம் 5 கிலோகிராமை 10 நியூற்றன் இழுக்கிறது. ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 2 மீற்றர். வில்லுக்குள் இருக்கும் விசையை அறிய, பின்கட்டையை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். அதை இழுப்பதற்கு வில்லைத் தவிர வேறெதுவும் இல்லை. 3 கிலோகிராமுக்கு அதே ஆர்முடுகலைக் கொடுக்க 6 நியூற்றன் வேண்டும். இதுவரை வந்த எந்த வரியிலும் வில் மாறிலி தலைகாட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வில் மெல்லியதோ முரட்டுத்தனமானதோ, அதற்குள் 6 நியூற்றன்தான். மாறிலி மீற்றருக்கு 300 நியூற்றன் என்றால் வில் 2 சதமமீற்றர் நீளும். 30,000 என்றால் 0.2 மில்லிமீற்றர் நீளும். ரொபேட் ஊக் 1678இல் வெளிப்படையாக அறிவித்த விதியும், நியூற்றன் 1687இல் நூலாக்கிய விதிகளும் இங்கே வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எவ்வளவு விசை என்பதை நியூற்றன் சொல்கிறார். அந்த விசைக்கு எவ்வளவு நீட்சி என்பதை ஊக் சொல்கிறார். மாணவர் பலர் தடுமாறுவது இந்தப் பங்கீட்டைக் குழப்பிக்கொள்வதால்தான். நீட்சி தெரியாமல் விசையைக் காண முடியாது என்று நினைத்து, தொடக்கத்திலேயே வில் மாறிலியைப் பிடித்துக்கொண்டு திணறுகிறார்கள்.

இன்னொரு தவறு இதைவிடப் பரவலானது. 10 நியூற்றனால் இழுக்கிறோம், ஆகவே வில்லிலும் 10 நியூற்றன் என்று எழுதிவிடுவது. இழுவிசையில் ஒரு பங்கை முன்கட்டை தன் ஆர்முடுகலுக்காகவே எடுத்துக்கொள்கிறது. மிச்சம்தான் வில்லுக்குப் போகிறது. கட்டைகளை இடம் மாற்றி 3 கிலோகிராமை முன்னே வைத்தால், ஆர்முடுகல் அதே 2ஆக இருந்தாலும் வில்லின் விசை 4 நியூற்றனாகக் குறையும். வில் சுமப்பது தனக்குப் பின்னால் உள்ள திணிவுக்கான விசையை மட்டுமே. இந்தப் பங்கு விகிதம் வியக்கத்தக்க அளவு உறுதியானது. இரு கட்டைகளுக்கும் ஒரே உராய்வுக் குணகம் உள்ள சொரசொரப்பான தளத்தில் இழுத்தாலும், ஒரே சரிவில் மேல்நோக்கி இழுத்தாலும், கட்டைகள் நகர்ந்துகொண்டிருக்கும்வரை, 10 நியூற்றனுக்கு வில்லில் 6தான். உராய்வும் புவியீர்ப்பின் சரிவுக் கூறும் திணிவுக்கு நேர்விகிதமாகவே ஒவ்வொரு கட்டையையும் பின்னுக்கு இழுப்பதால், ஆர்முடுகல் குறையுமே தவிரப் பங்கீடு மாறாது. இரு கட்டைகளின் உராய்வுக் குணகங்கள் வேறுபட்டால்தான் விகிதம் கலையும்.

இதைத் தண்டவாளத்துக்குக் கொண்டுபோவோம். கணக்குக்காக எஞ்சின் 80 தொன், பின்னே 40 தொன் வாகன்கள் 10 என்று கொள்வோம்; உருளும் தடையை விட்டுவிடுவோம். மொத்தம் 480 தொன். சமதரையில் செக்கன் வர்க்கத்துக்கு 0.1 மீற்றர் என்ற மிதமான ஆர்முடுகலோடு புறப்பட 48 கிலோநியூற்றன் வேண்டும். முதல் கொக்கியில் 40, அடுத்ததில் 36 என்று நாலு நாலாகக் குறைந்து, கடைசி வாகனை இழுக்கும் கொக்கியில் 4 கிலோநியூற்றன் மட்டுமே மிஞ்சும். அறுந்தால் முன்பக்கக் கொக்கிதான் அறுவதற்கு வாய்ப்பு அதிகம் என்பது இதிலிருந்தே தெரிகிறது. இதே தொடரை 1867இல் திறக்கப்பட்ட கண்டிப் பாதையில் ரம்புக்கணைக்கு அப்பால் ஏற்றினால், கடுகண்ணாவை ஏற்றத்தில் 44 மீற்றருக்கு 1 மீற்றர் என்ற சரிவு எதிர்கொள்ளும். வேகம் கூட்டாமல் சீராக ஏறுவதற்கே ஏறத்தாழ 107 கிலோநியூற்றன் வேண்டும். முதல் கொக்கியில் 89. அதே ஆறில் ஐந்து பங்கு, சரிவிலும் மாறவில்லை. இந்த ஏற்றத்தில் தொடரின் பின்னால் இன்னொரு எஞ்சினை வைத்துத் தள்ளும் வழக்கம் இருந்தது. அதே எடையுள்ள எஞ்சின் பின்னே சேர்ந்து, இரண்டும் சமமாக உழைத்தால், முதல் கொக்கியின் விசை 45 கிலோநியூற்றனாகிவிடும். நட்ட நடுவிலுள்ள இணைப்பில் இழுப்பும் இல்லை, அழுத்தமும் இல்லை. அதற்குப் பின்னுள்ளவை அழுத்தத்தில் இருக்கும். மொத்தச் சுமை கூடியபோதும் கொக்கியின் பாடு பாதியாகிவிடுகிறது. வலுவைக் கூட்டுவது மட்டும் அன்று, விசை எங்கே கொடுக்கப்படுகிறது என்பதை மாற்றுவதும் பின் எஞ்சினின் பயன்.

இவ்வளவும் ஒன்றாக ஓடுகின்றன என்ற எடுகோளின் மேல் நின்று சொன்னவை. அந்த எடுகோளைச் சோதிக்க, கட்டைகள் ஓய்வில் இருக்கும் முதல் கணத்துக்குத் திரும்ப வேண்டும். வில் தன் இயல்பு நீளத்தில் கிடக்கிறது. 10 நியூற்றன் திடீரென்று கொடுக்கப்படுகிறது. வில் இன்னும் நீளவில்லை. நீளாத வில்லில் விசை இல்லை. ஆகவே பின்கட்டைக்கு யாரோ இழுக்கிறார்கள் என்ற செய்தியே போய்ச் சேரவில்லை. அதன் ஆர்முடுகல் பூச்சியம். முன்கட்டையோ 10 நியூற்றன் முழுவதையும் தனக்கே வைத்துக்கொண்டு செக்கன் வர்க்கத்துக்கு 5 மீற்றர் ஆர்முடுகலோடு கிளம்புகிறது. இரண்டுக்கும் ஒரே ஆர்முடுகல் என்ற வரி இந்தக் கணத்தில் அப்பட்டமான பொய். முன்கட்டை முந்துவதால் வில் நீள்கிறது, நீள்வதால் விசை பிறக்கிறது, விசை பிறப்பதால் பின்கட்டை வேகம் எடுக்கிறது. ஆகவே ஒன்றாக ஓடுவதற்கு முன் சற்றே பிரிந்து ஓடியே ஆகவேண்டும். அந்த 2 சதமமீற்றர் நீட்சி, முன்கட்டை பின்கட்டையைவிடக் கூடுதலாகக் கடந்த தூரம் தவிர வேறில்லை.

நீட்சி 2 சதமமீற்றரை எட்டியதும் விசை 6 நியூற்றன். இரு கட்டைகளின் ஆர்முடுகலும் அந்தக் கணத்தில் சமம். ஆனால் கதை அங்கே நிற்காது. ஆர்முடுகல் சமமாகிவிட்டாலும் வேகம் சமமாகவில்லை. முன்கட்டை இன்னும் வேகமாகவே போகிறது. எனவே வில் மேலும் நீள்கிறது, சரியாக இருமடங்கு, அதாவது 4 சதமமீற்றர் வரை. அப்போது வில்லின் விசை 12 நியூற்றன். இழுப்பவர் கொடுப்பதோ 10 மட்டுமே. கொடுத்ததைவிட அதிகமான விசை வில்லுக்குள் எப்படி வந்தது என்ற கேள்வி நியாயமானது. வில் அதைச் சும்மா உண்டாக்கவில்லை. முன்கட்டை தான் முன்பே சேர்த்துவைத்த வேகத்தைக் கொஞ்சம் இழந்து கொடுக்கிறது. அந்தக் கணத்தில் அதன் ஆர்முடுகல் பின்னோக்கி 1, பின்கட்டையினது முன்னோக்கி 4. அதாவது முன்னே இழுக்கப்படும் கட்டையே அமர்முடுகிக்கொண்டிருக்கிறது. பிறகு வில் சுருங்கி இயல்பு நீளத்துக்கு வந்து, மீண்டும் நீண்டு, ஏறத்தாழ 0.4 செக்கனுக்கு ஒரு தடவை இந்த அலைவைத் திரும்பச் செய்கிறது. இத்தனை ஆட்டத்துக்கு நடுவிலும் ஒன்று மட்டும் முதல் கணத்திலிருந்தே பிசகுவதில்லை: திணிவு மையத்தின் ஆர்முடுகல். தொடக்கத்தில் 2 கிலோகிராமுக்கு 5, 3 கிலோகிராமுக்குப் பூச்சியம். திணிவுக்கேற்ற சராசரி 2. உச்சத்தில் ஒன்றுக்குப் பின்னோக்கி 1, மற்றதற்கு 4. சராசரி மீண்டும் 2. வில்லின் விசை உள்விசை. தொகுதியின் மொத்த உந்தத்தை அதனால் ஒரு துளியும் மாற்ற முடியாது. ஆகவே விடைத்தாளின் முதல் வரியைத் திணிவு மையத்தைப் பற்றிய கூற்றாக வாசித்தால் அது எப்போதும் உண்மை. கட்டை ஒவ்வொன்றையும் பற்றிய கூற்றாக வாசித்தால்தான் நிபந்தனை வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். வில் மிக முரடாக இருந்தால் இந்த ஆட்டமெல்லாம் புறக்கணிக்கத்தக்கதுதானே, நீட்டமுடியாத இழை என்று நாம் எழுதுவதும் அதைத்தானே என்று கேட்கலாம். பாதி சரி. வில் மாறிலியை 100 மடங்காக்கினால் நீட்சி நூறில் ஒன்றாகும், அலைவுகாலம் பத்தில் ஒன்றாகி 0.04 செக்கனாகும். கண்ணுக்கு இரு கட்டைகளும் ஒட்டிக்கொண்டு போவது போலவே தெரியும். ஆனால் விசையின் உச்சம் அதே 12 நியூற்றன். முரட்டுத்தனம் எவ்வளவு கூடினாலும் அந்த இருமடங்கு குறைவதில்லை. ஏனென்றால் அது வில் மாறிலியிலிருந்து வந்ததன்று, விசை திடீரென்று கொடுக்கப்பட்டதிலிருந்து வந்தது. இறுக்கமாகக் கட்டினால் அதிர்ச்சி குறையும் என்ற பொதுப்புத்தி இங்கே கைகொடுக்காது. ஆட்டத்தின் பரப்பையும் நேரத்தையும்தான் முரட்டு வில் குறைக்கிறது. கொக்கியை அறுக்கக்கூடிய உச்ச விசையை அப்படியே விட்டுவிடுகிறது. நீட்டமுடியாத இழை என்ற எடுகோளால் அந்த உச்சம் மறைந்துவிடுவதில்லை. நம் கணக்கில் அதற்கு இடமில்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் உச்சத்தைக் குறைப்பது எது? இரண்டு வழிகள் உண்டு. முதலாவது தணிப்பு. மெய்யான வில்லிலும் அதைச் சுற்றியுள்ள பாகங்களிலும் உராய்வு இருக்கிறது. அலைவின் சக்தி வெப்பமாகி அடங்குகிறது. சில அலைவுகள் கழிந்ததும் நீட்சி 2 சதமமீற்றரில் நிலைக்கிறது. விடைத்தாளின் 6 நியூற்றன் அந்த அடங்கிய நிலைக்கு உரியது. இரண்டாவது வழி, விசையைக் கொடுக்கும் விதம். 10 நியூற்றனை ஒரேயடியாகக் கொடுக்காமல் பூச்சியத்திலிருந்து சீராகக் கூட்டிப் பார்ப்போம். கூட்டி முடிக்க 0.2 செக்கன் எடுத்தால், வில்லின் உச்ச விசை 12இலிருந்து ஏறத்தாழ 9.8ஆக இறங்கும். சரியாக ஓர் அலைவுகாலமான 0.4 செக்கன் எடுத்தால், தணிப்பு எதுவும் இல்லாமலே வில் 6 நியூற்றனை எட்டி, அங்கேயே அசையாமல் நின்றுவிடும். ஒரு துளி மிகையும் இல்லை. 4 செக்கன் அளவில் எடுத்தால், நேரம் துல்லியமாகப் பொருந்தாவிட்டாலும் மிஞ்சும் அலைவு சுமார் 3 சதவீதத்துக்குள் அடங்கும். ஒன்றாக ஓடுகின்றன என்று எழுதலாமா என்ற கேள்விக்கு இங்கேயே அளவுகோல் கிடைத்துவிட்டது. விசை மாறுவதற்கு எடுக்கும் நேரம், தொகுதியின் அலைவுகாலத்தைவிடப் பல மடங்கு நீண்டதா என்று பார்க்க வேண்டும். நீண்டதென்றால் தாராளமாக எழுதலாம். குறைந்ததென்றால், தணிப்பு ஆட்டத்தை அடக்கும்வரை பொறுத்திருந்துதான் எழுத வேண்டும்.

ரயில் இணைப்புகள் கண்ட வடிவமும் ஓட்டுநரின் கைப்பழக்கமும் இதே அளவுகோலைத்தான் கடைப்பிடிக்கின்றன. இரு பெட்டிகளுக்கு நடுவே இழுப்பைத் தாங்கும் கொக்கிக்குப் பின்னே ஒரு வில், தள்ளலைத் தாங்கும் பஃபருக்குள் இன்னொரு வில் என்று வைப்பது பழைய ஏற்பாடு. இணைப்பில் சற்றுத் தொய்வும் இருக்கும். எஞ்சின் மெதுவாக முன்னேறும்போது முதல் தொய்வு இறுகி முதல் வாகன் அசையும், பிறகு அடுத்தது. நின்ற நிலையில் இருக்கும் 400 தொன்னையும் ஒரே கணத்தில் அசைக்க வேண்டிய தேவை எஞ்சினுக்கு இல்லை. தொடக்கத்தில் நாம் கேட்ட அந்த ஓசை வரிசை இதுதான். ஒன்றாக ஓடாமல் இருப்பதே அங்கே வசதி. ஆனால் அதே தொய்வு, ஓட்டுநர் விசையைத் திடீரெனக் கூட்டினால் பகையாகிவிடும். முன்பகுதி வேகம் எடுத்த பிறகு பின்பகுதி வெடுக்கென்று இறுகும். அப்போது கொக்கியில் வரும் உச்சம், அடங்கிய நிலைக்கான 40 கிலோநியூற்றனைவிட மிக அதிகமாக இருக்கும். தொய்வு முழுதும் இறுகும்வரை மெல்ல இழுத்து, பிறகு விசையைக் கூட்டு என்பது உலகமெங்கும் சரக்கு ரயில் ஓட்டுநர்கள் கற்றுக்கொள்ளும் பாடம். நிறுத்துவதிலும் இதே நியாயம்தான். நம் இரு கட்டைகள் சீராக ஓடும்போது இழுவிசையைத் திடீரென விட்டுவிட்டால், வில்லின் விசை 6 நியூற்றன் இழுப்புக்கும் 6 நியூற்றன் அழுத்தத்துக்கும் இடையே ஆடும். பின்கட்டை முன்கட்டையை நெருங்கி வந்து தள்ளும். இலங்கை ரயில்களில் நீண்டகாலம் பயன்பட்ட வெற்றிட பிரேக்கில், ஓட்டுநர் குழாய்க்குள் காற்றை விட்டதும் அந்த மாற்றம் முன்னிருந்து பின்னோக்கிப் பரவ வேண்டும். முன்வாகன் பிரேக் பிடித்த பிறகே பின்வாகன் பிடிக்கும். இடைப்பட்ட நேரத்தில் பின்வாகன் முன்னதன் மேல் சாயும். அந்தச் சாய்வை வாங்கிக்கொள்ளத்தான் பஃபரின் வில்.

இன்னொரு மறுப்பு வில்லின் திணிவைப் பற்றியது. திணிவற்ற வில் என்று ஒன்று உலகில் இல்லையே, அப்படியிருக்க இரு முனைகளிலும் ஒரே விசை என்று எப்படி எடுக்கலாம் என்பது அந்தக் கேள்வி. வில்லுக்குத் திணிவு இருந்தால், அதை ஆர்முடுக்குவதற்கும் ஒரு பங்கு விசை வேண்டும்; முன்முனை விசை பின்முனை விசையைவிட அந்தப் பங்கு அளவு கூடும். மொத்தம் 5 கிலோகிராம் கட்டைகளுக்கு நடுவே 50 கிராம் வில் என்றால் வித்தியாசம் இழுவிசையின் நூற்றில் ஒன்றளவு, விட்டுவிடலாம். ஆனால் இந்த மறுப்பு நம் வாதத்துக்கு எதிரானதன்று, அதை ஆழப்படுத்துகிறது. திணிவுள்ள வில்லின் வழியே செய்தி போக அதற்கென்று ஒரு நேரம் வேண்டும். வில்லை எடுத்துவிட்டு உருக்குக் கம்பியால் இணைத்தாலும் தப்ப முடியாது. உருக்கில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 5,000 மீற்றர் வேகத்தில் போகிறது. 200 மீற்றர் நீளமான கம்பியின் முன்முனையை இழுத்தால் பின்முனைக்கு அது தெரிய 0.04 செக்கன் ஆகும். முழு விறைப்பான பொருள் என்பது பாடநூலில் மட்டுமே உண்டு. உலகில் உள்ள எல்லா இணைப்பும் ஏதோ ஓரளவில் விற்சுருளே.

கடைசியாக, பரீட்சைக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி. பரீட்சையில் வரும் வினா பெரும்பாலும் அடங்கிய நிலையைத்தான் கேட்கிறது. முதல் வரியை எழுதினால் புள்ளி கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அதே வினாவின் அடுத்த பகுதியில், விசை நீக்கப்பட்ட கணத்தில் ஒவ்வொரு கட்டையின் ஆர்முடுகலும் யாது என்றோ, தொடர்ந்து வரும் இயக்கத்தில் உச்ச நீட்சி யாது என்றோ கேட்டுவிட்டால், ஒரே ஆர்முடுகல் என்பதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்தவருக்கு வழி அடைபட்டுவிடும். அதை ஒரு முடிவாகக் கற்றவர் தடுமாறமாட்டார். விசை நீங்கிய கணத்தில் நீட்சி மாற நேரமில்லை. ஆகவே வில்லில் இன்னும் 6 நியூற்றன். முன்கட்டைக்குப் பின்னோக்கி 3, பின்கட்டைக்கு முன்னோக்கி 2 என்று இரண்டு வரியில் எழுதிவிடுவார். அவர் செய்வது மூன்றே காரியம். முழுத் தொகுதியை ஒன்றாகப் பார்த்துத் திணிவு மையத்தின் ஆர்முடுகலை எழுதுகிறார். இதற்கு எந்த எடுகோளும் வேண்டாம். ஒவ்வொரு கட்டையையும் தனியே பிரித்து, அந்தக் கணத்தில் உள்ள நீட்சி தரும் விசையை அதன்மேல் இடுகிறார். இதற்கும் எடுகோள் வேண்டாம். நீட்சி மாறாமல் நிலைத்துவிட்டது என்று வினா சொன்னால், அல்லது விசை மெல்லக் கூடியதால் அப்படி நிலைத்திருக்கும் என்று காட்ட முடிந்தால் மட்டுமே, இரு ஆர்முடுகல்களையும் சமம் என்று எழுதுகிறார். வரிசை இப்படி இருந்தால் பரீட்சைக் கட்டைகளுக்கும் கொலன்னாவை எண்ணெய்த் தொடருக்கும் ஒரே கணக்கு போதும். வரிசையைத் தலைகீழாக்கினால், பரீட்சைக் கட்டைகளுக்குக்கூட ஒரு பகுதி வினாவரைக்கும்தான் அது தாங்கும்.